அண்ணன் டிஸ்க் எது?

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் சிவநேசன் தன் அண்ணியிடம், "சனிக்கிழமை வர்றேன் அண்ணி, அன்னிக்கே முடிச்சிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான் அல்லவா? வந்துவிட்டான். வாக்குக் கொடுப்பதிலும் சொன்ன நாளில் வருவதிலும் தர்மலிங்கத்தின் பிள்ளைகள் சளைத்தவர்கள் இல்லை. முடிப்பதில்தான் எப்போதும் ஏதாவது வந்துவிடும்.

மூத்தவன் புவனேஸ்வரன் போய் மூன்று மாதம் ஆகிறது. மெர்போக்கில் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு மழையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பியவன் சுங்கைப் பட்டாணி வந்து சேரவில்லை. அவன் நடத்திய எம்பிராய்டரிக் கடை மிஞ்சியது. கடைக்கு மேல்மாடியில் வாடகை வீடு. அங்கே அவன் மனைவி லோகேஸ்வரியும் மகள் சாந்தினியும்.

தர்மலிங்கம் கருமாதி முடிந்த கையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார். பள்ளி திறப்பதற்குள் எம்பிராய்டரி மெஷின் மறுபடி ஓடினால் மருமகள் இங்கேயே கடையைப் பார்த்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் காலி பண்ணிவிட்டு மெர்போக் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். "டவுன்ல ஆம்பளத் துணை இல்லாம என்னத்துக்கும்மா? நாங்க ரெண்டு பேரு அங்க சும்மாதானே இருக்கோம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்பவர்களை எதிர்த்துப் பேசுவது சுலபம்.

லோகேஸ்வரி எதிர்த்துப் பேசவில்லை. "நான் இங்கயே இருக்கேன் மாமா" என்று மட்டும் சொன்னாள். இந்த மூன்று மாதத்தில் அவள் தானாகச் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் "ம்" என்பாள். சாப்பிட்டாயா, ம். சாந்தினியை டியூஷனில் விடட்டுமா, ம். அழுதால் தேவலையே என்று மாமியார் மருதம்மாளே மருமகளுக்காக அழுது பார்த்தாள். லோகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுவதும் மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துக் கடைக் கம்ப்யூட்டர் தகராறு பண்ண ஆரம்பித்தது.

அந்தப் பெரிய எம்பிராய்டரி மெஷினுக்கு மூளை அந்தப் பழைய கம்ப்யூட்டர். பள்ளிக்கூடச் சின்னங்கள், கோயில் கொடிகள், கபடிக் குழுச் சட்டைகள் என்று புவனேஸ்வரன் வரைந்த டிசைன் எல்லாம் அதற்குள்தான். டிசைன்களை மட்டும் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போட்டால் போதாதா என்றால், போதாது. அவற்றைத் திறக்கும் சாப்ட்வேர் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அதை விற்ற ஈப்போ ஏஜெண்டு கடையை மூடி எத்தனையோ வருஷம். ஆகவே டிஸ்க்கை உள்ளது உள்ளபடி, விண்டோஸ் முதற்கொண்டு, ஒரு புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். குளோன் என்கிறார்கள்.

"டிஸ்க் சாகப் போகுது அண்ணி. செத்துட்டா மெஷினு வெறும் இரும்பு" என்று சிவநேசன் முதல் நாளே சொல்லிவிட்டான். அவன் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சொன்னது சரிதான்.

"ம்" என்றாள்.

எந்த சாப்ட்வேரில் குளோன் பண்ணுவது என்பதில் ஒரு வாரம் போனது. நோயாளி ஒருவர் என்றால் வைத்தியர் ஒன்பது பேர் இருப்பார்கள் இல்லையா? வாட்ஸ்அப் முழுக்க வைத்தியம். முதலில் இறக்கியது இலவசம் என்றது. எல்லாக் கேள்வியும் கேட்டு, எல்லாவற்றுக்கும் சரி சொல்லி, கடைசிப் பட்டனை அமுக்கியதும் காசு கட்டு என்றது. இரண்டாவது, உன் விண்டோஸ் ரொம்பப் பழசு, உன்னோடு எனக்குப் பேச்சில்லை என்றது. மூன்றாவது நல்ல பிள்ளையாக ஆரம்பித்தது. பாதி தூரம் போய், டிஸ்க்கில் கோளாறு என்று படுத்துக்கொண்டது.

சிவநேசனின் தொழிற்சாலை நண்பன் யோகேந்திரன்தான் கடைசியில் வழி சொன்னான். ஒரு வழி அல்ல, இரண்டு.

"மொதல்ல ஒரு இமேஜ் எடுத்து வைடா. முழு டிஸ்க்கையும் ஒரே பைலா எடுத்து வேற எடத்துல வைக்கறது. அதுக்கு இன்னொரு பெரிய டிஸ்க் வேணும், நேரம் ஆகும். ஆனா எது கெட்டு ரோசாக் ஆனாலும் பயமில்ல. அதுக்கப்புறம் குளோன் பண்ணு."

"செனாங்கா, சுலபமா வேற ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு. எங்கிட்ட ஒரு பெட்டி இருக்கு. ரெண்டு டிஸ்க்கையும் சொருகு, பட்டனை அமுக்கு. சாப்ட்வேரே வேணாம்."

முதல் வழி சிவநேசன் காதில் ஏறவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆனால் அவனுக்கு அவசரப்படக் காரணம் இருந்தது. பள்ளி திறக்கப் போகிறது. குணசுந்தரி டீச்சர் தன் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டைச் சின்னம் கேட்டு இரண்டு முறை போன் பண்ணிவிட்டார்.

சனிக்கிழமை காலை பெட்டியோடு வந்து இறங்கினான்.

கடையில் சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தர்மலிங்கம் விடியற்காலையிலேயே மெர்போக்கிலிருந்து வந்து, தன்னிடம் இருக்கும் சாவியால் கடையைத் திறந்து, பூஜை பண்ணி, சாந்தினியை டியூஷனில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். மகன் போனபின் தினமும் இதே வேலை. கடையை மூடச் சொல்பவர்தான் தினமும் வந்து திறக்கிறார் என்பதை யாரும் அவரிடம் சொல்லிக் காட்டவில்லை.

"அண்ணி, சாப்ட்டீங்களா?"

"ம்."

சிவநேசன் கம்ப்யூட்டரைத் திறந்தான். உள்ளே நூல் தூசி பஞ்சு பஞ்சாக அடைந்திருந்தது. டிஸ்க்கைக் கழற்றிப் பின்பக்கத்து ஸ்க்ரூக்களைப் பார்த்துவிட்டு அப்படியே மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"இதைக் கொஞ்சம் தொடைச்சு வைங்க அண்ணி. சாமித் தட்டுல புதுசு இருக்கு பாருங்க, போன தடவ வெச்சிட்டுப் போனேன், அதையும் எடுத்து வைங்க. நான் வெளிய நிக்கிற காடியிலேர்ந்து பெட்டிய எடுத்தாறேன்."

லோகேஸ்வரி ஈரத்துணியை எடுத்தாள்.

இங்கே ஒரு குடும்ப வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தர்மலிங்கம் எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் லோரி ஓட்டியவர். ஆயுத பூஜையன்று லோரியின் முகத்தில் மட்டும் பொட்டு வைத்தால் அவருக்குத் திருப்தி வராது. பானெட்டைத் திறந்து இஞ்சினுக்கும் வைப்பார். ஓடுவது எதுவோ அதற்குத்தான் பொட்டு என்பார். பிள்ளைகளுக்கும் அதுவே பழகிவிட்டது. போன ஆயுத பூஜையில் புவனேஸ்வரன் கம்ப்யூட்டரைத் திறந்து, அதன் டிஸ்க்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தான். "இதான்டா இஞ்சினு" என்றான். சிவநேசன் அன்றைக்குச் சிரித்தான், போட்டோகூட எடுத்தான்.

லோகேஸ்வரி டிஸ்க்கைப் புரட்டித் துடைத்தாள். தூசியோடு காய்ந்த சந்தனமும் வந்தது. துணியில் மஞ்சளாகக் கொஞ்சம், சிவப்பாகக் கொஞ்சம். புருஷன் கை வைத்த பொட்டு என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தூசி என்று துடைத்தாள். பிறகு சாமித் தட்டில் இருந்த புது டிஸ்க்கை எடுத்து வந்தாள். அதில் புதுச் சந்தனம், அதன்மேல் புதுக் குங்குமம். பார்த்தாள். பார்த்தது உள்ளே போகவில்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கறுப்பு. அதே மாதிரி வாங்கினால் வம்பில்லை என்று கடைக்காரர் சொன்னதால் சிவநேசன் தேடிப் பிடித்து வாங்கியது.

அவன் பெட்டியோடு உள்ளே வந்தான். மேலே இரண்டு பிளவுகள். ஒன்றில் ஏ, மற்றதில் பி.

"ஏ-ல இருக்கிறது அப்படியே பி-க்குப் போகும் அண்ணி. அவ்ளோதான்." மேசையைப் பார்த்தான். பொட்டு வைத்த டிஸ்க்கை எடுத்தான். அவன் முகம் ஒரு நொடி மாறியது. "அண்ணன் வெச்ச பொட்டு. இன்னும் அப்படியே இருக்கு பாருங்க."

லோகேஸ்வரி பார்த்தாள்.

"இதானே அண்ணி, அண்ணனோடது?"

"ம்" என்றாள்.

ஏ-யில் பொட்டு வைத்த டிஸ்க்கைச் சொருகினான். பி-யில் மற்றதை. பட்டனை அமுக்கிப் பிடித்தான். ஒரு சின்ன விளக்கு மினுக்கத் தொடங்கியது.

சாப்ட்வேராக இருந்திருந்தால் கேட்டிருக்கும். இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா? நன்றாக யோசித்தாயா? போன வாரம் சிவநேசன் திட்டிக்கொண்டே அமுக்கிய கேள்விகள் அவை. இந்தப் பெட்டிக்கு வாய் கிடையாது. பட்டன் மட்டும்தான்.

"ஆகட்டும். நம்ம போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வரலாம், வாங்க."

எதிர்க் கடையில் உட்கார்ந்தார்கள். சிவநேசன் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே நிறையப் பேசினான். டீச்சர் ஆர்டர் முடிந்ததும் கோயில் கொடி வரும். மெஷினை அவள் ஓட்டப் பழகிக்கொண்டால் போதும், சனி ஞாயிறு அவன் வந்து உதவுவான். அப்பா சத்தம் போட்டால் அவன் பார்த்துக்கொள்வான். லோகேஸ்வரி தே ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, எவ்வளவு பாடுபடுகிறான் என்று நினைத்தாள். நினைப்பு யாரோ பக்கத்து மேசையில் பேசுவது போலக் கேட்டது.

திரும்பி வந்தபோது பெட்டியின் விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு, முடிந்தது என்று நின்று எரிந்தது.

"பார்த்தீங்களா? இதுக்குப் போயி ஒரு வாரமா அலைஞ்சேன்."

பி-யில் இருந்ததைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினான். சுவிட்சைப் போட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. விண்டோஸ் எதையும் காணோம் என்றது.

"ஒயரு சரியா ஏறல போல." மறுபடி சொருகினான். அதே வரி.

"இருங்க, பழசைப் போட்டுப் பாக்கலாம்."

பொட்டு வைத்ததை மாட்டினான். அதே வரி.

தன் லேப்டாப்பை எடுத்து இரண்டு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தான். இரண்டும் காலி. ஒரு கோடு கூட இல்லாத புது சிலேட்டு மாதிரி காலி. பொட்டு வைத்ததைப் புரட்டி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். ஸ்க்ரூத் துளைகளில் ஒரு கீறல் இல்லை. ஒரு நாள்கூட எதிலும் மாட்டாத டிஸ்க்.

"அண்ணி, இது புதுசு."

அவள் அவனைப் பார்த்தாள்.

"இதுல எப்படிப் பொட்டு? அண்ணன் பழசுலதானே வெச்சாரு? நான் பார்த்தேனே! அப்ப பழசுல இருந்த பொட்டு எங்க போச்சு?"

"நான் தொடைச்சிட்டேன்" என்றாள் லோகேஸ்வரி. "தூசின்னு தொடைச்சிட்டேன். இதுல பொட்டு இருந்ததையும் பார்த்தேன். நீ இதானேன்னு கேட்டே. ம்-னு சொல்லிட்டேன்."

"ஏன் அண்ணி?"

"தெரியல."

உண்மையாகவே தெரியவில்லை. அவன் எது கேட்டிருந்தாலும் அவள் "ம்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

சிவநேசன் நூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். "காலி டிஸ்க்கைக் கொண்டுபோயி அண்ணன் டிஸ்க்குமேல எழுதிட்டேன். முழுசா. பினாங்குல ரெக்கவரி பண்றவங்ககிட்டக் குடுத்தாலும் வராது. அழிச்சது கெடைக்கும், மேல எழுதினது கெடைக்காது. நான் ஒரு மடையன். யோகேந்திரன் சொன்னான், மொதல்ல இமேஜ் எடுடான்னு. நான் ஒரு மடையன் அண்ணி."

லோகேஸ்வரி தன்னைக் கவனித்தாள். இப்போதாவது ஏதாவது ஆகும் என்று காத்திருந்தாள். கடை போயிற்று. புருஷன் இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்ததெல்லாம் போயிற்று. இனிச் சாமான்களைக் கட்டிக்கொண்டு மெர்போக் போக வேண்டியதுதான். ஒன்றும் ஆகவில்லை. மருத்துவமனை வாசலில் சேதி சொன்ன அன்றும் இப்படித்தான், சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மோட்டார் சத்தம். தர்மலிங்கம் தாப்பாவ் பொட்டலங்களோடு இறங்கினார்.

"தோசை வாங்கியாந்தேன். சாப்பிடுங்க. என்னாடா, முடிஞ்சுதா?"

சிவநேசன் எழுந்து நின்றான்.

"எல்லாம் புதுசுக்கு மாறிடுச்சா?"

"அப்பா..."

"மாறாம எங்க போவும்?" பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டுக் கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருமகளை நேராகப் பார்க்காமல், எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "லோகா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நான் சொன்னேன் பாரு, கடைய மூடு, வீட்டுக்கு வான்னு. நேத்து ராத்திரி உன் மாமியார்கிட்டப் பேசிட்டேன். பெரியவன் போன பொறவு உன் வாயிலேர்ந்து வந்தது ஒரே ஒரு பேச்சு, இங்கயே இருக்கேன்னு. அதையும் நான் கெடுக்கக் கூடாது. காலைல வந்து விளக்கு ஏத்தினேன். அந்தப் புது டிஸ்க்கு சாமித் தட்டுல இருந்துச்சு. இனிமே ஓடப் போறது இதுதானேன்னு நானே என் கையால பொட்டு வெச்சேன். உன் கடை நல்லா ஓடணும்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்மா."

சட்டைப் பையிலிருந்து கடைச் சாவியை எடுத்தார். புவனேஸ்வரனின் சாவி. விபத்து நடந்த இடத்திலிருந்து போலீஸ்காரர் அவர் கையில் கொடுத்தது. அதை மேசையில், இரண்டு டிஸ்க்குகளுக்கும் பக்கத்தில் வைத்தார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். நீயே தொற, நீயே மூடு."

சிவநேசன் அழுதுவிடுவான் போலிருந்தது. "அப்பா, அந்தப் பொட்டு..."

"நல்லா வந்திருக்கு மாமா" என்றாள் லோகேஸ்வரி.

சிவநேசன் திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

"எல்லாம் வந்துடுச்சு. ஒண்ணும் விட்டுப் போகல. நீங்க சாப்பிடுங்க மாமா. சிவா, நீயும் உக்காரு. நான் தட்டு எடுத்தாறேன்."

கிழவர் தலையாட்டினார். பொட்டலத்தைப் பிரித்தார். மகன் போனதிலிருந்து பாதித் தோசைக்கு மேல் சாப்பிடாதவர், சட்னியை முழுதாக ஊற்றிக்கொண்டார். "நல்லது, நல்லது" என்று தோசைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

லோகேஸ்வரி சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தட்டு அலமாரிக்குப் போகும் வழியில்தான் மெஷின் நிற்கிறது. கடைசியாக அவன் மாட்டிய நீல நூல் இன்னும் ஊசியில் தொங்கியது. டீச்சரிடம் என்ன சொல்வது? மாமா நாளைக்கு வந்து, ஓட்டிக் காட்டும்மா என்றால் எதை ஓட்டுவது? முன்னால் அந்த மனுஷர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். எத்தனை நாளைக்கு?

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. துக்கம் இல்லை. கோபம். கல்யாணமான முதல் வருஷம் அவன் சமையல் எரிவாயுத் தோம்பு வாங்க மறந்துவிட்டு வந்து நின்றபோது வந்த அதே கோபம்.

"பாவி மனுஷா!" என்றாள் மெஷினைப் பார்த்து. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "சாந்தினி போட்டோவ மூணு எடத்துல வெச்சிருந்தியே, கடைச் சாமானை ஒரு பென்டிரைவ்ல போட்டு வெச்சியா? எத்தனை தடவ சொன்னேன்! பேக்கப் எடு, பேக்கப் எடுன்னு சொன்னேனா இல்லையா? பண்ணிக்கலாம் லோகா, பண்ணிக்கலாம் லோகா! மழை விடட்டும், அப்புறம் கெளம்புன்னு போன்ல சொன்னேன். அதுக்கும் ஒண்ணும் ஆவாது லோகா! எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு எங்கய்யா போய்ட்ட? இப்ப நான் எதை வெச்சுத் தைப்பேன்? சொல்லுய்யா, எதை வெச்சுத் தைப்பேன்?"

மெஷினின் தலைமேல் இரண்டு கையாலும் அடித்தாள். பிறகு அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று மாதத்து அழுகை. கடைவாசல் வரை கேட்டது.

முன்கட்டில் தர்மலிங்கம் சாப்பிடுவதை நிறுத்தினார். தோசைத் துண்டைத் திரும்ப இலையில் வைத்தார். பின்கட்டுப் பக்கம் பார்த்தார். மேசைமேல் இருந்த இரண்டு டிஸ்க்குகளைப் பார்த்தார். கடைசியாக இளைய மகனைப் பார்த்தார்.

"சிவநேசா, எல்லாம் வந்துடுச்சுன்னாளே. அப்புறம் ஏண்டா, எதை வெச்சுத் தைப்பேன்னு அவனைக் கேக்குறா?"